யானைமலை எரிமலையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தபோது, எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருந்தாலும் பெரும்பாலான கடிதங்கள் ஒரே ஐயத்தைச் சுற்றி வருவது தெரிந்தது: கறுப்பாகவும் கடினமாகவும் இருக்கும் கல் எல்லாம் எரிமலைக் கல்தானா? ஆகவே இம்மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மாடியில் நின்றால் யானைமலை முழுவதும் தெரியும். என் மகளின் பாடக் குறிப்பில் ‘வெளிப்புறத் தீப்பாறைக்கு எடுத்துக்காட்டு கருங்கல்’ என்று எழுதியிருக்கிறது. யானைமலையும் கருங்கல்தானே? அப்படியானால் அது அணைந்துபோன எரிமலையா? (ஓர் இல்லத்தரசி, ஒத்தக்கடை)

பதில்: இல்லை, அம்மா. யானைமலை எந்தக் காலத்திலும் எரிமலையாக இருந்ததில்லை. குழப்பம் மலையில் இல்லை, ‘கருங்கல்’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் வழக்கில் அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண், வீட்டு அஸ்திவாரத்துக்கு இறக்கும் கல் ஆகிய எல்லாமே கருங்கல்தான். உளிக்கு எளிதில் மசியாத கல்லைக் கொத்தனாரும் சிற்பியும் கருங்கல் என்றே சொல்வார்கள். பாடக் குறிப்பில் வரும் கருங்கல் என்பது, எரிமலைக் குழம்பு தரைக்கு வெளியே வந்து இறுகிய பசால்ட் என்னும் பாறைக்கு வைத்த பெயர். ஒரே சொல் இரண்டு வேறு கற்களுக்கு நிற்பதால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அந்த இடத்தில் பசால்ட் என்றே எழுதியிருக்கலாம் என்பது என் கருத்து. இந்தப் பதில்களில் நான் அப்படியே எழுதுகிறேன்.

யானைமலையின் அடிவாரத்தில், நரசிங்கம் பக்கம், புதிதாக உடைந்த கல் ஒன்று கிடந்தால் அதை மகளிடம் எடுத்துக் கொடுத்து வெயிலில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பளிச்சிடும் பரல்கள் பெல்ஸ்பார். கண்ணாடித் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் இருப்பவை குவார்ட்சு. கறுப்பாக, நகத்தால் கீறினால் ஏடு ஏடாக வருவது மைக்கா. இவை மூன்றும் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிவதோடு, கறுப்புப் பரல்கள் வரி வரியாக ஒழுங்குபட்டும் நிற்கும். இது கிரானைட்டு வகையைச் சேர்ந்த நைஸ் என்னும் உருமாறிய பாறை. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, மேலே இருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்து நீங்கிய பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் தகடு தகடாக உரிந்து உரிந்து அந்த யானை முதுகு உருவாகியிருக்கிறது.

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் நிலவியலாளர்கள் ‘மதுரைப் பகுதி’ என்றே பெயரிட்டு ஆராய்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பாறைகளில் சில 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் கண்டிருக்கின்றன. அவ்வளவு வெந்தும் அவை எரிமலைப் பாறை ஆகவில்லை. ஏனெனில் அந்த வேக்காடு நடந்தது நிலத்தின் வயிற்றுக்குள். சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் மிகுதியாக இருக்கும் சார்னோகைட் பாறையும் இதே ஆழத்துப் பிள்ளைதான். புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியதுபோன்ற பச்சை கலந்த பழுப்பு நிறமும், நீலம் பாய்ந்த குவார்ட்சும் தெரியும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பாறையிலிருந்து போனது என்பதைக் கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரை வைத்தார்.

கேள்வி: வெளிப்புறத் தீப்பாறை உருவாகும் முறையை விளக்க வேண்டுகிறேன். பூமியின் மையத்தில் இருக்கும் நெருப்புக் குழம்புதான் எரிமலை வழியாக மேலே வருகிறதா? (கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்)

பதில்: கேள்வியின் பின்பாதியை முதலில் தீர்த்துக்கொள்வோம். மையத்திலிருந்து எதுவும் வருவதில்லை. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய நிலையில் இருப்பது இரும்பு. அது எரிமலையில் வெளிப்படுவதில்லை. அதற்கும் மேலோட்டுக்கும் இடையில் இருக்கும் கவசம் என்னும் பெரும் பகுதி, பலரும் நினைப்பதுபோல் கொதிக்கும் குழம்பன்று. சூடேறிய, ஆனால் திடமான பாறை. அழுத்தம் மிகுதியாக இருப்பதால் அந்தச் சூட்டிலும் அது உருகாமல் நிற்கிறது. அந்த நிலை குலைவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பூமியின் மேற்பகுதி பிரிந்து கிடக்கும் பெரும் பாளங்களாகிய புவித்தட்டுகள் விலகும் இடத்திலோ வெப்பப் பாறை தூணாக எழும் இடத்திலோ, ஆழத்துப் பாறை மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. மற்றொன்று, ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகிச் செல்லும்போது, அது தன்னோடு கொண்டுபோகும் கடல் நீர் மேலுள்ள கவசப் பாறைக்குள் ஊறி, அதன் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. இப்படி உருகியதுதான் பாறைக் குழம்பு. சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்ததாகையால் அது மேல்நோக்கி ஏறுகிறது.

ஏறும் குழம்பில் பெரும்பகுதி வழியிலேயே தங்கி, நிலத்துக்குள்ளேயே மெல்லக் குளிர்ந்து, கிரானைட் போன்ற உட்புறத் தீப்பாறையாகிறது. தரைக்கு வந்து சேர்வதையே லாவா என்கிறோம். காற்றோ நீரோ பட்டுக் குளிர்ந்து அது இறுகும்போது கிடைப்பது வெளிப்புறத் தீப்பாறை. உள்ளே குளிர்ந்ததற்கும் வெளியே குளிர்ந்ததற்கும் உள்ள வேற்றுமையைப் பனைமரத்தடியில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே பதநீர்தான், காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றினால் சற்று நேரத்தில் இறுகிக் கருப்பட்டியாகிறது, அதை உடைத்தால் பரல் கண்ணுக்குத் தெரியாது. பதம் சற்று இளகலாக இருக்கும்போதே இறக்கிப் பானையில் ஊற்றி, நாற்பது நாள் அளவுக்கு அசைக்காமல் வைத்தால் பட்டை பட்டையாகப் பனங்கற்கண்டு விளைகிறது. படிகம் வளர்வதற்குக் காலம் வேண்டும். காலம் கிடைத்தது கிரானைட், கிடைக்காதது பசால்ட். இன்னும் ஒரு படி மேலே போகலாம். பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு, அது தட்டில் ‘டங்’கென்று விழுகிறதா என்று பதம் பார்ப்பார்கள் அல்லவா? அந்தச் சொட்டில் படிகமே இருக்காது, கண்ணாடிபோல் இருக்கும். பிசுபிசுப்பான எரிமலைக் குழம்பு அவ்வாறு சட்டென்று இறுகினால் அப்சிடியன் என்னும் கறுப்புக் கண்ணாடிப் பாறை கிடைக்கிறது.

குழம்பின் இயல்பைத் தீர்மானிப்பது அதிலுள்ள சிலிக்காவின், அதாவது குவார்ட்சு எதனால் ஆனதோ அந்தப் பொருளின், அளவு. பசால்ட் குழம்பில் 45 முதல் 52 சதவீதம் வரை சிலிக்கா இருக்கும். 1,100 முதல் 1,200 டிகிரி வரை சூடோடு வெளிவந்து, நீர்த்த பாகுபோல் தொலைதூரம் ஓடும். ரையோலைட் குழம்பில் சிலிக்கா 70 சதவீதத்தை எட்டும். சூடும் 700 முதல் 900 டிகிரி வரைதான் இருக்கும். ஆகவே நகர மறுத்து வாயிலேயே திரண்டு அடைத்துக்கொள்ளும். ஆண்டசைட்டும் டேசைட்டும் இவை இரண்டுக்கும் இடைப்பட்டவை. குழம்புக்குள் நீராவியும் பிற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. கோலி சோடாவின் கோலியை அழுத்தியதும் நுரைத்து எழுவதுபோல், மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் அவை குமிழியாகின்றன. நீர்த்த குழம்பிலிருந்து குமிழிகள் எளிதாகத் தப்பிவிடும். பிசுபிசுப்பான குழம்பில் அவை சிக்கிக்கொண்டு, இறுதியில் குழம்பையே சிதறடித்து, சாம்பலாகவும் நுரைக்கல்லாகவும் வானத்தில் வீசிவிடும். அந்தச் சாம்பல் படிந்து இறுகினால் அதுவும் எரிமலைப் பாறைதான். டஃப் என்று பெயர்.

விரைவாகக் குளிர்கிறது என்பதையும் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். லாவாவின் மேல் தோல் சில நிமிடங்களில் இறுகிவிடும். உள்ளே இருப்பது அவ்வளவு எளிதில் அடங்காது. ஹவாய்த் தீவின் கிலாவேயா இக்கி பள்ளத்தில் 1959ஆம் ஆண்டு நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு லாவா தேங்கியது. ஆய்வாளர்கள் மேலோட்டைத் துளையிட்டு அவ்வப்போது பார்த்து வந்தார்கள். அது அடிவரை இறுகி முடிக்க ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: திருமங்கலம், கல்லுப்பட்டி, அருப்புக்கோட்டை என்று எங்கள் பக்கம் எல்லாமே கரிசல் காடு. கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். தக்காணத்து லாவா எங்கள் ஊர் வரைக்கும் ஓடி வந்ததா? (பருத்தி விவசாயி, பேரையூர் வட்டம்)

பதில்: வரவில்லை. தாங்கள் படித்தது மகாராட்டிரத்துக் கரிசலுக்குப் பொருந்தும். நம் கரிசலுக்குப் பொருந்தாது. கடிதங்களில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மேற்கிந்தியாவில் நிலம் நீள நீளமாகப் பிளந்து, பசால்ட் குழம்பு அடுக்கடுக்காக வெளிவந்தது. கூம்பு வடிவ மலை ஒன்று வெடித்து நெருப்புக் கக்கியதாகக் கற்பனை செய்ய வேண்டாம். வெள்ளம் கரை புரண்டு நிலத்தை மூடுவதுபோல் மூடியது. ஓர் ஓட்டம் இறுகிய பின் அதன்மேல் அடுத்த ஓட்டம் என்று, அதன் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் கொட்டித் தீர்ந்துவிட்டது. இன்றைக்கும் மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம், வட கருநாடகம், தெலங்கானாவின் ஒரு பகுதி என ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. மேற்கே சில இடங்களில் அடுக்குகள் மொத்தமாக 2 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கின்றன. அந்த அடுக்குகள் அரித்து அரித்துப் படிக்கட்டுபோல் நிற்பதால், படியைக் குறிக்கும் சுவீடன் மொழிச் சொல்லிலிருந்து ‘டிராப்’ என்ற பெயர் வந்தது. இந்தக் குழம்பின் ஓட்டங்களில் சில பழைய ஆற்றுப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ராஜமுந்திரி வரை போயிருக்கின்றன என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி. ஆனால் தெற்கே அவை வட கருநாடகத்தோடு நின்றுவிட்டன.

மதுரையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்கள் இந்த எல்லையைச் சன்னல் வழியாகவே காணலாம். ராய்ச்சூர் வரை தண்டவாளத்தின் இரு பக்கமும் நம் ஊர்ப் பாறைகளைப் போன்ற உருண்டைக் குன்றுகள் கூட வரும். வாடியில் தகடு தகடான சுண்ணாம்புக்கல் தெரியும். கலபுர்கியை நெருங்கினால் உருண்டைக் குன்றுகள் மறைந்து, உச்சி சமமாகவும் பக்கங்கள் படிபடியாகவும் இருக்கும் மேடுகள் தொடங்கும். அங்கிருந்து புனே தாண்டி மலைத்தொடரில் இறங்கும் வரை கால் வைக்கும் நிலமெல்லாம் லாவாதான். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் எரிமலையால் ஆனது என்று எழுதுகிறவர்கள் உண்டு. வடபாதிக்கு அது சரி. வருசநாட்டு மலைக்கும் கொடைக்கானலுக்கும் சரியன்று.

அப்படியென்றால் நம் கரிசல் எங்கிருந்து வந்தது? நம் காலடியில் இருக்கும் நைஸ் பாறையே, மழை குறைந்து வெயில் மிகுந்த சமதளத்தில், வடிகால் போதாத நிலையில் நெடுங்காலம் மட்கி அந்த மண்ணாயிற்று. கால்சியமும் மக்னீசியமும் கழுவிச் செல்லப்படாமல் தங்கியதால், நீரைக் குடித்து உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் உருவாகியது. கறுப்பு நிறம் எரிந்த நிறமன்று. களிமண்ணோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மட்கின் நிறம். தாய்ப்பாறை வேறு, மண் ஒன்றுபோல்: விதைக்கிறவருக்கு இரண்டும் பருத்தி மண்தான். தங்கள் நிலத்தில் கிணறு வெட்டியபோது அடியில் வந்த பாறையை நினைவுபடுத்திப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடியிருந்தால் அது நைஸ்.

கேள்வி: குடும்பத்தோடு எல்லோரா சென்று வந்தோம். அங்குள்ள கயிலாசநாதர் கோயில் எரிமலைப் பாறையில் குடையப்பட்டது என்று வழிகாட்டி சொன்னார். நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் அதே முறையில் மேலிருந்து கீழாகக் குடைந்ததுதானே? இரண்டு கல்லும் ஒன்றா? (வங்கி ஊழியர், பழங்காநத்தம்)

பதில்: முறை ஒன்று, கல் வேறு. எல்லோராவும் அஜந்தாவும் தக்காணத்துப் பசால்ட்டில் குடைந்தவை. கயிலாசநாதர் கோயில் இராட்டிரகூட அரசன் முதலாம் கிருட்டிணன் காலத்தது, எட்டாம் நூற்றாண்டு. வெட்டுவான் கோயிலும் பாண்டியர் காலத்து எட்டாம் நூற்றாண்டுப் பணி என்றே கருதப்படுகிறது. நமக்கு இன்னும் அருகில், யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770ஆம் ஆண்டில் அமைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ ஒரே காலத்தில் வடக்கே குளிர்ந்த லாவாவையும் தெற்கே ஆழத்துப் பாறையையும் சிற்பிகள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உளி பிடிக்கிற கைக்கு இவ்விரண்டும் வேறு வேறு உலகங்கள். நம் பாறையில் குவார்ட்சு மிகுதி. பத்து வரை செல்லும் மோ கடினத்தன்மை அளவில் அதற்கு 7. உளி முனை அதில் பட்டால் முனைதான் முதலில் மழுங்கும். பசால்ட்டில் குவார்ட்சுப் பரல்கள் அநேகமாக இல்லை. அதன் பரல்கள் நுண்மையானவை, ஒரே சீரானவை. அதே நேரத்தில், ஒவ்வொரு லாவா ஓட்டத்தின் மேற்பகுதியும் குமிழி நிறைந்து நொய்ந்திருக்கும். நடுப்பகுதிதான் திண்மையாக இருக்கும். ஆகவே தூணும் சிற்பமும் எந்த அடுக்கில் அமைய வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது அங்குள்ள சிற்பிக்கு மிக முக்கியமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது குகைகளின் வெளிச் சுவரைச் சற்று நேரம் பாருங்கள். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு பல இடங்களில் தெரியும்.

கேள்வி: சமையல் மேடைக்கு வாங்கிய கறுப்பு கிரானைட்டை எரிமலைக் கல் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா? (ஆசிரியை, மேலூர்)

பதில்: அரைப்பங்கு உண்மை. வணிகத்தில் கறுப்பு கிரானைட் எனப்படுவது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. தருமபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம் பக்கங்களில் பழம்பாறையின் பிளவுகளுக்குள் புகுந்து, சுவர் சுவராக நிற்கும் டோலரைட்டை வெட்டி எடுக்கிறார்கள். அதன் வேதிக் கலவை பசால்ட்டுக்கு மிக நெருக்கமானது. ஆனால் தரைக்கு வந்து சேராமல் பிளவுக்குள்ளேயே இறுகிவிட்டதால் அதை வெளிப்புறப் பாறை என்று சொல்ல முடியாது.

கேள்வி: என் அண்ணன் மொரீசியசில் வேலை பார்க்கிறார். அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் கறுப்புக் கற்களைக் கோபுரம்போல் குவித்து வைத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார். அது எரிமலைத் தீவா? உலகத்தில் வேறு எங்கெல்லாம் இத்தகைய பாறைகள் இருக்கின்றன? (அச்சக உரிமையாளர், சிம்மக்கல்)

பதில்: மொரீசியஸ் முழுவதும் எரிமலையால் கடலுக்குள்ளிருந்து எழுந்த தீவு, அண்ணன் அனுப்பிய படத்தில் இருப்பது பசால்ட். கரும்பு நடுவதற்காகத் தோட்டத்துக் கற்களைப் பொறுக்கிக் குவித்தவர்களில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களே மிகுதி. தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் குவியல்களை நான் வெறும் கல்லாகப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தீவாகிய ரியூனியனில் பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை இன்றும் அடிக்கடி லாவாவைக் கக்குகிறது. தக்காணத்து லாவாவை வெளியேற்றிய அதே வெப்ப மையம்தான் இப்போது ரியூனியனுக்கு அடியில் இருக்கிறது என்று நிலவியலாளர்கள் பலர் கொள்கிறார்கள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. அடுப்பு அங்கேயே நின்றுவிட்டது.

உலகில் எரிமலைப் பாறை மிகுதியாக இருக்கும் இடம் நம் கண்ணில் படாத இடம்: கடலடி. பெருங்கடல்களின் தரை ஏறத்தாழ முழுவதும் பசால்ட்டால் ஆனது. நடுக்கடல் முகடுகளில் தட்டுகள் விலகும்போது வெளிவரும் லாவா, குளிர்ந்த நீர் பட்டதும் தலையணை தலையணையாக உருண்டு இறுகுகிறது. கருநாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் மரடிஹள்ளி என்ற ஊரில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நீருக்கடியில் உருவான அத்தகைய தலையணை லாவா வறண்ட நிலத்தில் கிடக்கிறது.

தட்டு தட்டுக்கு அடியில் செருகும் ஓரங்களில் ஆண்டிஸ், சப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று எரிமலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆண்டசைட் என்ற பெயரே ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. இந்தோனேசிய வரிசையின் வடபகுதி நம் அந்தமானைத் தொடுகிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் பாரன் தீவுதான் இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. 1787இல் அதன் சீற்றம் பதிவாகியிருக்கிறது; பின்னர் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் விழித்தது. அதே வரிசையில் சுமத்திராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது எழுந்த சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி வந்து இந்தியா மீது விழுந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் வெள்ளை மாவுபோன்ற அந்தச் சாம்பல் படுகையின் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்துள்ளன.

கேள்வி: மாடித்தோட்டக் கலவைக்கு வாங்கிய பெர்லைட் என்பது தெர்மோகோல் உருண்டையா? குதிகால் தேய்க்கும் கல் ஏன் தண்ணீரில் மிதக்கிறது? (ஓய்வு பெற்ற செவிலியர், கே.கே. நகர்)

பதில்: பெர்லைட் தெர்மோகோல் அன்று; எரிமலைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் சில சதவீத அளவு நீர் அடைபட்டிருக்கும். ஆலையில் 850 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது அந்த நீர் ஆவியாகி, நெல் பொரிவதுபோல் கல் பல மடங்கு பொரிந்து வெளுத்துவிடுகிறது. விரலால் நசுக்கிப் பாருங்கள். தெர்மோகோல் அமுங்கும், இது பொடியாகும். பொடி மூச்சில் போகாமல் இருக்கக் கலக்கும்முன் சிறிது நீர் தெளித்துக்கொள்வது நல்லது. குதிகால் தேய்க்கும் உண்மையான நுரைக்கல்லில் கல்லைவிட வெற்றிடமே மிகுதி, ஆகவே மிதக்கிறது. வாளியில் போட்டுப் பல நாள் விட்டால் துளைகளில் நீர் ஏறி மூழ்கிவிடும். 1883இல் இந்தோனேசியாவின் கிராகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து சென்றன. கடையில் விற்பவற்றில் சில, மண்ணில் சுட்டெடுத்த போலிகள். நீரில் விட்டால் உடனே அடியில் போய் உட்காரும்.

கேள்வி: எரிமலைப் பாறையை நேரில் பார்க்க மதுரையிலிருந்து எங்கே போகலாம்? (பத்தாம் வகுப்பு மாணவன், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, உடுப்பியை அடுத்த மால்பே கடற்கரையிலிருந்து படகில் போகும் செயிண்ட் மேரீஸ் தீவுகளுக்குப் போய் வா. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்த காலத்து எரிமலைப் பாறை அங்கே தூண் தூணாக நிற்கிறது. பலரும் பசால்ட் என்று சொன்னாலும் அது சிலிக்கா மிகுந்த ரையோலைட், டேசைட் வகையைச் சேர்ந்தது. தூண்களை யாரும் செதுக்கவில்லை. கோடையில் உங்கள் ஊர்க் கண்மாய் வற்றும்போது களிமண் சுருங்கி ஐந்து பக்கமும் ஆறு பக்கமுமாக வெடிப்பதைப் பார்த்திருப்பாய். லாவா குளிர்ந்து சுருங்கும்போதும் அதே வெடிப்பு மேலிருந்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கண்மாய் வெடிப்பு ஒரு சாண் ஆழத்தில் நின்றுவிடும். லாவாவில் மீட்டர் கணக்கில் போவதால் தூண் கிடைக்கிறது. மழைக்காலத்தில் படகுகள் ஓடாது; டிசம்பர் விடுமுறையில் போவது நல்லது.

அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சூதுபவள மணிகளையும் அகேட் மணிகளையும் பார். லாவாவில் வாயு விட்டுச்சென்ற குமிழித் துளைகளுக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி ஊறிப் படிந்ததே அகேட். அதன் சிவந்த வகையே சூதுபவளம். நம் பாறையில் அவ்வாறு விளைவதில்லை. குசராத்து, மகாராட்டிரப் பக்கத்திலிருந்து அவை வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தன என்பதே ஆய்வாளர்கள் கருத்து. தக்காண லாவாவின் ஒரு துளி மதுரைக்கு வந்த வழி அது ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் புன்செய் மேட்டில் உழும்போது இத்துடன் அனுப்பியுள்ள கல்போன்ற கற்கள் நிறைய வருகின்றன. கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, உருகி வழிந்ததுபோல் இருக்கிறது. இதுவாவது எரிமலைக் கல்தானே? (விவசாயி, வாடிப்பட்டி வட்டம்)

பதில்: கல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் எண்ணியதில் தவறில்லை. பார்த்த மாத்திரத்தில் நானும் ஒரு கணம் தயங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் துண்டு. ஒரு பக்கம் மெழுகுவத்தி உருகி வழிந்ததுபோல் கயிறு கயிறாக மடிந்திருக்கிறது. மறுபக்கத்தில் செம்மண் சுட்டு ஒட்டியிருக்கிறது. குமிழி நிறைந்த லாவாக் கல் கைக்கு எடை குறைவாக இருக்கும். இது அளவுக்கு மீறிக் கனக்கிறது. காந்தத்தை நூலில் கட்டி அருகில் கொண்டுபோனேன். மெல்லச் சாய்ந்து ஒட்டியது. லாவாவிலும் காந்தம் சாய்வது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. ஓர் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். அதன் உட்சுவரில் மரக்கரியின் நார் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கின்றன. உள்ளங்கை அளவு லாவாத் துண்டில் மரக்கரியின் அச்சும் சுட்ட மண்ணும் இப்படிச் சேர்ந்திருப்பது அரிது.

இது இரும்புச் சிட்டம். தாதுவையும் கரியையும் மண் உலையில் இட்டு, துருத்தியால் ஊதி இரும்பைப் பிரித்தபோது வழிந்தோடிய கழிவு. பாறையை உருக்கியது பூமி அன்று, மனிதர். கொடுமணலில் அகழாய்வில் வெளிப்பட்டவை போன்ற உலைகள் தமிழகத்தின் பல ஊர்களில் இயங்கியிருக்கின்றன. உங்கள் மேட்டிலும் ஒன்று இருந்திருக்கலாம். எந்தக் காலத்தது என்பதை இந்த ஒரு துண்டை வைத்துச் சொல்ல முடியாது. அது கிடந்த இடமும், கூடக் கிடந்த பானை ஓடுகளும், குழாய்போல் சுட்ட மண் துண்டுகள் இருந்தால் அவையும்தான் அதைச் சொல்லும். ஆகவே அந்த மேட்டை டிராக்டர் விட்டு ஆழ உழுவதைச் சில காலம் நிறுத்தி வைத்து, கற்கள் மிகுதியாக வரும் இடத்தைக் கல் நட்டு அடையாளம் செய்துகொண்டு, மாநிலத் தொல்லியல் துறையின் மதுரை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய துண்டைப் பதிவு அஞ்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.